தழை கருக்க வேண்டிய தேதி

ஜூன் 9

அக்கா,

பதினோராவது வரிசையில் ஒரு செடி மட்டும் பளபளக்கவில்லை. அப்போதுதான் மழை விட்டிருந்தது. மற்ற உருளைக்கிழங்குச் செடிகளின் இலையெல்லாம் எண்ணெய் தடவினது போல மின்னிக்கொண்டிருந்தன. இது மட்டும் இரவெல்லாம் தூங்காத ஆளின் முகம் மாதிரி மங்கலாக இருந்தது. ஓர் இலையைக் கிள்ளி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். பச்சைக்குள்ளே வெளிர்பச்சைத் திட்டுகள். விளிம்பு லேசாகச் சுருக்கம்.

அப்பாவிடம் காட்டினேன். காட்டினேன் என்றால், இலையை நீட்டிக்கொண்டு அவர் எதிரில் நின்றேன். அவர் வாங்கி, காதருகில் வைத்து நசுக்கிக் கேட்டார்.

"காகிதம் மாதிரி நொறுங்குதா? இல்லேல்ல? அப்ப இது சுருட்டு இல்ல. ரெண்டு தடவ மருந்தடிச்சாச்சு, அசுவினி ஒண்ணு தப்பாது. போய் வேலையப் பாரு."

உனக்குத் தெரியும், இலைச்சுருட்டு நோய் நம் வயலைத் தின்ற வருஷத்திலிருந்து அவருக்கு நோய் என்றால் அது ஒன்றுதான். மருந்தடித்து அசுவினிப் பூச்சியைக் கொன்றுதான் அதை ஒழித்தார். இன்றைக்கும் அந்தக் கதையைச் சொல்லும்போது முதுகு நிமிர்ந்துவிடும்.

இந்த வருஷம் நம் கிழங்கு விதைக்கிழங்குச் சோதனையில் தேறாவிட்டால், மூன்று வருஷத்தில் இது இரண்டாவது தடவை. விதைக்காரர் பட்டியலிலிருந்து அப்பா பெயரை எடுத்துவிடுவார்கள். பத்தொன்பது வருஷமாக அவரே கையால் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்த கிழங்கு வறுவல் ஆலைக்குப் போய்விடும். அதற்குப் பிறகு காலையில் எழுந்து அவர் எங்கே போவார் என்று எனக்கு நினைக்கத் தெரியவில்லை.

அந்த இலையை எண்ணெய்த்தாளில் சுற்றி இதோடு வைத்திருக்கிறேன். உங்கள் சோதனை நிலையத்தில் யாரிடமாவது கொடுத்துப் பார். நான் அனுப்பியது அப்பாவுக்குத் தெரியாது.

ஃபோன் பண்ணு என்று திட்டாதே. எதிர்முனையில் ஆள் காத்திருக்கிறது என்று தெரிந்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

உன் தங்கை

ஜூன் 17

அன்புள்ள வாயாடிக்கு,

ஊரில் ஒரே ஒரு ஊமை, அவளுக்கு வாயாடி என்று பெயர் வைத்தவள் நான். ஆனால் கண் இருக்கிறதே உனக்கு! இங்கே எட்டு வருஷம் இலை பார்த்தவர்கள் கூட அந்த இலையைத் தாண்டிப் போயிருப்பார்கள்.

சோதித்தேன். தேமல் நோய். இதுவும் வைரஸ்தான், இதையும் கொண்டுவருவது அசுவினிதான். ஆனால் இது வேறு மாதிரி. கவனமாகப் படி.

இலைச்சுருட்டைப் பரப்ப, அசுவினி ஒரு செடியில் மணிக்கணக்கில் உட்கார்ந்து சாறு குடிக்க வேண்டும். அதற்குள் மருந்து அதைக் கொன்றுவிடும். அதனால்தான் அப்பா ஜெயித்தார். தேமல் அப்படி இல்லை. எங்கிருந்தோ பறந்து வரும் அசுவினி ஓர் இலையில் இறங்கி, மூக்கால் ஒரு குத்து குத்தி ருசி பார்க்கும். பிடிக்காவிட்டால் பக்கத்துச் செடிக்குப் போய் இன்னொரு குத்து. அவ்வளவுதான், ஒட்டிவிட்டது. மருந்து அதைக் கொல்லும், மறுக்கவில்லை. ஆனால் காரியம் முடிந்த பிறகு கொல்லும். சில மருந்து பட்டால் சாகும் முன் துடித்துக்கொண்டு செடிக்குச் செடி தாவி இன்னும் பரப்பும்.

நீ செய்ய வேண்டியது: மங்கலாகத் தெரியும் செடியை எல்லாம், அடியில் இருக்கும் கிழங்கோடு பிடுங்கு. பிடுங்கிய இடத்திலேயே சாக்கில் போட்டு வாயைக் கட்டு. வரிசை நெடுக இழுத்துக்கொண்டு போகாதே, மேலே இருக்கும் பூச்சி வழியெல்லாம் இறங்கும். வயலின் நாலு மூலையிலும் மஞ்சள் தட்டு வைத்து, தண்ணீர் ஊற்றி, துளி சோப்பு விடு. மஞ்சள் என்றால் அசுவினி மயங்கி வந்து விழும். இறக்கை உள்ளதை மட்டும் எண்ணி எனக்கு எழுது.

அப்பாவுக்கு நானே எழுதலாம். எழுதினால் கவரைப் பிரிக்கமாட்டார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நம் வயல் மாதிரி என் மேசைக்கு வந்தபோது, நூற்றில் ஒன்பது நோய் என்று எண்ணி ஒன்பது என்றே எழுதினேன். ஐந்தைத் தாண்டினால் விதைக்குத் தேறாது. வாசலில் நின்று அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "ஊருக்கெல்லாம் மார்க் போடு, வேணாங்கல. பெத்த அப்பனுக்கு அஞ்ச கொறச்சிருந்தா உன் நாற்காலி ஒடஞ்சிருக்குமா, இன்ஸ்பெக்டரம்மா?" நான் பதில் பேசியிருக்கக் கூடாது. பேசினேன்.

சாப்பிடுகிறாயா? அவர் சாப்பிடுகிறாரா?

அக்கா

ஜூன் 28

அக்கா,

நாற்பத்து மூன்று செடி பிடுங்கினேன். நீ சொன்னபடி சாக்கிலேயே போட்டுக் கட்டினேன். அப்பா வரப்பிலிருந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, பயிர மொட்டையடிக்கிறியா?" என்றார். "நோஞ்சானா இருந்துச்சு" என்றேன். "உன்னவிடவா?" என்று சிரித்தார். அவர் சிரித்தது நன்றாக இருந்தது. அதனால் மேலே ஒன்றும் சொல்லவில்லை.

மஞ்சள் தட்டுக்குச் சோறு மூடும் பழைய மஞ்சள் மூடிகளையே வைத்தேன். முதல் நாள் மூன்று. பிறகு ஐந்து. நேற்று பத்தொன்பது. கண்ணாடி மாதிரி இறக்கை. விரலால் தொட்டால் ஒட்டிக்கொண்டு வருகின்றன.

மருந்துக்கடைக்காரர் வயலுக்கே வந்தார். அப்பாவுக்கும் அவருக்கும் நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

"பத்து நாளுக்கு ஒரு தடவ அடிச்சா போதாதுங்க. இப்ப வர்ற அசுவினியெல்லாம் படிச்ச அசுவினி."

"எந்தக் காலேஜ்ல?"

"சிரிக்காதீங்க. இந்தப் புது மருந்த ஆறு நாளுக்கு ஒரு தடவ விடுங்க. வயல்ல ஈ காக்கா இருக்காது."

"காக்கா இருந்துட்டுப் போகட்டும்யா. பூச்சி போனா சரி."

புது மருந்து அடித்த மறுநாள் வரிசைக்குள் போனேன். சிவப்புப் பொறிவண்டுகள் கால்களை மேலே தூக்கிக்கொண்டு கிடந்தன. அசுவினியைத் தின்பது அவைதானே. ஒரு கை நிறையப் பொறுக்கி வைத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன். அவர் முதுகில் தெளிப்பானோடு எதிர் வரிசையில் நடந்துகொண்டிருந்தார். முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. களைத்த கண். கையில் இருந்ததை மண்ணில் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

உன் தங்கை

ஜூலை 5

வாயாடி,

பத்தொன்பது என்று படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். இங்கே எங்கள் தட்டிலும் இதே கதைதான். சுற்றுவட்டாரத்தில் மற்றப் பயிர்கள் காய்கின்றன, அங்கிருந்து எல்லாம் கிளம்பி வருகின்றன. இரண்டு வாரத்தில் இருநூறு ஆகும்.

இப்போது ஒரே ஒரு வழி. ஜூலை 15க்குள் தழையைக் கருக்கிவிட வேண்டும். அறுத்தாலும் சரி, கருக்கும் மருந்து அடித்தாலும் சரி. மண்ணுக்கு மேலே பச்சை ஒன்றும் இருக்கக் கூடாது. இலையில் ஒட்டிய நோய் தண்டு வழியாகக் கிழங்குக்கு இறங்க நாளாகும். இறங்குவதற்குள் பாதையை வெட்டிவிட வேண்டும். கிழங்கு சிறியதாகத்தான் இருக்கும், எடை பாதிகூட வராது. ஆனால் விதைக்குச் சின்னக் கிழங்கு போதும், சுத்தமாக இருந்தால் போதும். பதினைந்துக்கு அப்புறம் போகிற ஒவ்வொரு நாளும் நோயைக் கிழங்குக்குள் ஊற்றுகிற நாள்.

அப்பாவிடம் நீ சொல். நான் சொன்னதாகவே சொல், மறைக்க வேண்டாம். உன்னால் முடியாவிட்டால், அல்லது அவர் மாட்டேன் என்றால், உடனே ஒரு வரி எழுது. பன்னிரண்டு, பதின்மூன்று இரண்டு நாள் லீவு கேட்டு வைத்திருக்கிறேன். வந்து வயல் நடுவில் நிற்கிறேன். திட்டட்டும். திட்டிக்கொண்டே அறுக்கட்டும். இரண்டு வருஷம் ஆயிற்று, திட்டு வாங்கியும்.

அக்கா

ஜூலை 9

அக்கா,

சொன்னேன். சரி என்றார். பதினைந்துக்குள் செய்துவிடுவார்.

நீ லீவு போட வேண்டாம். பிறகு உனக்கு வேறு அவசரத்துக்கு வேண்டியிருக்கும்.

தபால் வண்டி நிற்கிறது. அதனால் இவ்வளவுதான்.

உன் தங்கை

ஜூலை 11

என் தங்கமே,

உன் கடிதத்தை மேசையில் வைத்துப் படித்தேன், பிறகு கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு படித்தேன். பக்கத்து மேசைக்காரி கதவைத் தட்டி, "உள்ள என்ன பிரசவமா?" என்றாள். வெளியே வந்தபோது என் கண்ணைப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையை நீட்டினாள்.

சரி என்றாராமே! நான் சொன்னேன் என்று தெரிந்துமா? என்ன வார்த்தை சொன்னார்? முகம் எப்படி இருந்தது? நீ பாட்டுக்கு மூன்று வரியில் முடித்துவிட்டாய். அடுத்த கடிதத்தில் ஒன்று விடாமல் எழுது.

லீவை ரத்து செய்துவிட்டேன். வர ஆசைதான். ஆனால் அவராக என் பேச்சைக் கேட்டு அறுத்துக்கொண்டிருக்கும்போது நான் போய் நின்றால், கண்காணிக்க வந்தது மாதிரி ஆகிவிடும். இன்ஸ்பெக்டரம்மா மறுபடி வந்துவிட்டாள் என்பார். கிழங்கெல்லாம் தேறட்டும். பிறகு அவர் பெயர் பட்டியலில் இருக்கும் தாளை நானே கையில் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

உனக்கு நீலத்தில் ஒரு ஸ்வெட்டர் வாங்கி வைத்திருக்கிறேன். அவருக்கு என்ன வாங்குவது என்று தெரியாமல் கடையில் அரை மணி நேரம் நின்றேன்.

அக்கா

ஆகஸ்ட் 6

அக்கா,

நான் நன்றாக இருக்கிறேன். அப்பாவும் நன்றாக இருக்கிறார். போன வாரம் இரண்டு நாள் மழை. தெளிப்பான் வார் அறுந்துவிட்டது, நான் தைத்துக் கொடுத்தேன்.

நேற்று ஓரத்தில் ஒரு செடியைத் தோண்டிப் பார்த்தோம். கிழங்கு நல்ல பெரிசு. அப்பாவுக்குச் சந்தோஷம். ஒன்றை என் கையில் வைத்து, "கைக்குழந்த மாதிரி இருக்குல்ல?" என்றார்.

ஸ்வெட்டரை இப்போது அனுப்பாதே. நீயே வைத்துக்கொள்.

உன் தங்கை

ஆகஸ்ட் 15

கிழங்கு பெரிசா?

ஜூலை 15இல் தழை போயிருந்தால் ஆகஸ்டில் கிழங்கு எப்படிப் பெரிசாக இருக்கும்? தெளிப்பான் வார் எதற்கு அறுந்தது? தழையே இல்லாத வயலில் எதற்கு மருந்தடிக்கிறார்?

ஆக, சரி என்று உன்னிடம் தலையாட்டிவிட்டு, அவர் இஷ்டப்படிதான் செய்திருக்கிறார். நேராக மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே. நான் வந்திருப்பேனே. சிறுபிள்ளையிடம் சரி என்று சொல்லி அனுப்பிவிட்டு, அந்தப் பக்கம் பழையபடி மருந்து. என்னை முட்டாளாக்கியது போகட்டும், உன்னை வைத்து ஆக்கியிருக்கிறார்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ உன்னால் முடிந்ததைச் செய்தாய், அதுவே பெரிது. அவரிடம் எனக்கு இனிமேல் சொல்ல ஒன்றும் இல்லை.

அக்கா

நவம்பர் 19

வாயாடி,

மூன்று மாதமாக ஒரு வரி இல்லை. உனக்கும் என் மேல் கோபமா?

இதை அதிகாரபூர்வக் கடிதம் வருவதற்கு முன்னால் எழுதுகிறேன். நம் சாக்கிலிருந்து எடுத்த கிழங்குகளை இங்கே கண்ணாடிக் கூடத்தில் முளைக்க வைத்திருந்தார்கள். அந்த ஒன்பதுக்குப் பிறகு இங்கே புது விதி, சொந்தக்காரர் வயல் என்றால் கிட்டே போகக் கூடாது. கதவுக்கு வெளியிலிருந்து பார்த்தேன். நம் வரிசை தனியாகத் தெரிந்தது. மங்கல்.

நூற்றில் இருபத்தெட்டு. இலைச்சுருட்டு ஒன்றுகூட இல்லை, அத்தனையும் தேமல். எண்ணியது பக்கத்து மேசைக்காரி. எண்ணி முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "இன்னொரு தடவ எண்ணட்டுமா?" என்று கேட்டாள். இரண்டு வருஷத்துக்கு முன் என்னை யாராவது அப்படிக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. வேண்டாம் என்றேன்.

கடிதம் வரும்போது அவர் பக்கத்தில் இரு.

அக்கா

நவம்பர் 27

அக்கா,

உனக்கு என் மேல் கோபம் வரட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். வர வேண்டும்.

அப்பா உன்னை ஏமாற்றவில்லை. நான் அவரிடம் சொல்லவே இல்லை.

ஜூலையில் உன் கடிதம் வந்த அன்றே வரிசைக்குள் நடந்துகொண்டு சொல்லிப் பார்த்தேன். அப்பா, தழையக் கருக்கணுமாம். அக்கா சொன்னா. செடிகளிடம் சொல்ல வந்தது. பிறகு கொட்டகைக்குப் போனேன். அவர் தெளிப்பானில் மருந்து பீய்ச்சும் மூக்குகளைக் கழுவிக்கொண்டிருந்தார். "என்னம்மா?" என்றார். "சாப்பாடு ஆயிடுச்சு" என்றேன். மறுநாளும் போனேன். மறுநாளும் சாப்பாடு ஆகியிருந்தது.

ஒன்பதாம் தேதி தபால் வண்டி வந்து நின்றது. சொன்னேன், சரி என்றார் என்று எழுதினேன். எழுதி அனுப்பிவிட்டால் சொல்லித்தானே ஆக வேண்டும், சாயங்காலம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நீ லீவு போட வேண்டாம் என்று எழுதியது, நீ வந்தால் சொல்லவில்லை என்பது தெரிந்துவிடும் என்ற பயத்தில். சாயங்காலம் சொல்லவில்லை. பிறகு உன் பதில் வந்தது, கழிவறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு படித்தேன் என்று எழுதியிருந்தாய். அதற்குப் பிறகு அவரிடம் சொல்வதா உன்னிடம் சொல்வதா என்று தெரியாமல் ஒவ்வொரு நாளாகப் போய்விட்டது. பதினைந்து வந்தது. வயல் பச்சையாகவே இருந்தது. அன்றைக்குத் தட்டில் இருநூற்றுப் பத்து. உனக்கு எழுதவில்லை.

ஆகஸ்டில் நீ அவரைத் திட்டி எழுதியபோது, இல்லை என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். உன் கோபம் அவர் மேல் போகிறதே என்று எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. இதையும் எழுதிவிடுகிறேன்.

அதிகாரபூர்வக் கடிதம் நான்கு நாள் முன்னால் வந்தது. நின்றுகொண்டே படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஆலை வண்டி சனிக்கிழமை வரும். அதற்குள் சாக்குகளில் கட்டியிருக்கும் விதை அட்டைகளை எல்லாம் வெட்டித் திருப்பி அனுப்ப வேண்டும் என்று போட்டிருக்கிறது. "நாளைக்குப் பாக்கலாம்" என்றார். மறுநாளும் நாளைக்கு என்றார்.

நான்கு நாளாகக் கொட்டகையில் உட்கார்ந்து தெளிப்பானைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு மூக்காக எடுத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஊதிப் பார்க்கிறார். ஊசியால் குத்திப் பார்க்கிறார். பிறகு மாட்டுகிறார். மறுபடி கழற்றுகிறார். நேற்று டீ கொண்டுபோனேன். என்னைப் பார்க்காமலே, "எந்த மூக்கு அடச்சிருந்துச்சுன்னு தெரியலயேம்மா. ஒரு வரிசைக்கு மருந்து விழாம போயிருக்கு. நான் கவனிக்காம விட்டுட்டேன். என் கைதான் விட்டுடுச்சு" என்றார்.

மூக்கு ஒன்றும் அடைக்கவில்லை அக்கா.

இதுவரை எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். இப்போது திரும்பி வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

அப்பா ஒரு மூக்கைக் கையில் வைத்திருந்தார். "என்னம்மா, சாப்பாடு ஆயிடுச்சா?" என்றார். "இல்லப்பா" என்றேன். அதற்கு மேல் எப்படி வந்தது என்று தெரியவில்லை. கோர்வையாக வரவில்லை. தேமல் என்றேன், மருந்து கேக்காது என்றேன், அக்கா ஜூலையிலயே எழுதினா, தழையக் கருக்கச் சொன்னா, நான் உங்ககிட்ட சொல்லல, சொன்னேன்னு அவகிட்ட பொய் எழுதினேன் என்றேன். முகத்தைப் பார்க்காமல் அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

திட்டுவார் என்று நின்றேன். கிழங்கைப் பற்றிக் கேட்பார், பட்டியலைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன்.

"அவ வரேன்னு சொல்லியிருந்தாளா?" என்றார்.

"ஆமாப்பா. ரெண்டு நாள் லீவு போட்டிருந்தா. நான்தான் வேணாம்னு எழுதினேன்."

அவர் தலையாட்டினார். கையில் இருந்த மூக்கைத் தெளிப்பானில் மாட்டப் போனார். மரை பிடிக்கவில்லை. இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார். பிறகு அதை டப்பாவில் போட்டுவிட்டு, முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

நான் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போய், வாசலோரத்துச் சாக்கிலிருந்து அட்டைகளை வெட்ட ஆரம்பித்தேன்.

உன் தங்கை